வாடகைக்கு எடுத்துப் பார்த்தவை: வேலை செய்யும் ஆட்களைப் பற்றிய படங்கள்

நொய்யல்கரை (திருப்பூர்)

இந்த முறை வேலை செய்கிற ஆட்களைப் பற்றிய படங்களாகவே பொறுக்கி, இணையத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். நம் சினிமாவில் பனியன் கம்பெனியைக் காட்டினால் பின்னால் நாலு பேர் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் கதாநாயகன் கதாநாயகியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர் என்ன தைக்கிறார் என்று எடுத்தவருக்கும் தெரியாது, தைப்பவருக்கும் தெரியாது. ஓவர்லாக் மெஷினைக் காட்டிவிட்டு சிங்கர் மெஷின் சத்தத்தை ஒட்டியிருப்பார்கள். இந்தத் தொழிலிலேயே கிடக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் படம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் 'மெஷின்ஸ்'. ராகுல் ஜெயின் எடுத்த ஆவணப்படம், 2016. சூரத் பக்கம் சச்சின் தொழிற்பேட்டையில் ஒரு துணி ஆலை. சாயம், பிரிண்டிங், பாய்லர் எல்லாம் ஒரே கூரைக்குள். ஒன்றேகால் மணி நேரம்தான். பின்னணிக் குரல் கிடையாது, பாட்டு கிடையாது. கேமரா பாட்டுக்கு உள்ளே வளைந்து வளைந்து போகிறது. அடுப்புக்குத் தீனி போடுகிறவர், டிரம்மில் கையால் சாயம் கலக்குகிறவர், துணி மூட்டை மேல் சுருண்டு தூங்குகிறவர். ஒரு பையன் மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கி விழுவான். கண் சொருகும், தலை சாயும், உலுக்கிக்கொள்வான், மறுபடி சொருகும். வேலை மட்டும் நிற்காது. நைட் ஓட்டியவர்களுக்கு அந்தத் தூக்கம் எந்த மணிக்கு வரும் என்று தெரியும்.

2017 சன்டான்ஸ் விழாவில் இதன் ஒளிப்பதிவுக்குத் தனிப் பரிசு கொடுத்தார்கள். என்னை உறுத்தியதும் அந்த ஒளிப்பதிவுதான். சாயத் தண்ணீர் சொட்டுவதுகூட அழகாக இருக்கிறது. நாள் சம்பளமா, மாதச் சம்பளமா, காண்ட்ராக்டர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்று ஒன்றிரண்டு பேர் வாய் திறக்கிறார்கள், அதற்குள் கேமரா அடுத்த மெஷினுக்குப் போய்விடுகிறது.

அடுத்தது சீன இயக்குநர் வாங் பிங்கின் 'யூத் (ஸ்பிரிங்)', 2023. கேன்ஸ் போட்டிப் பிரிவில் வந்தது. மூன்றரை மணி நேரம். ஷாங்காயிலிருந்து ரொம்ப தூரமில்லாத ஷிலி என்ற ஊர், குழந்தைகள் துணிக்குப் பேர் போனது. பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தருகிற நம்ம பவர் டேபிள் போலச் சின்னச் சின்னப் பட்டறைகள் ஏறத்தாழ 18,000, வெளி மாகாணங்களிலிருந்து வந்து தைக்கிறவர்கள் 3 லட்சம் பேர். பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயசு. கீழே பட்டறை, மேலே படுக்கை. அந்தத் தெருவுக்குப் பெயர் 'மகிழ்ச்சிச் சாலை'. கற்பனைக் கதையில் இப்படிப் பெயர் வைத்திருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

2014 முதல் 2019 வரை அங்கேயே கிடந்து எடுத்திருக்கிறார். யாராவது புதிதாகத் திரையில் வந்தால் பெயர், வயது, எந்த மாகாணம் என்று எழுத்து வரும். வேறு விளக்கமே இல்லை. பாட்டை அலற விட்டுத் தைக்கிறார்கள், கேலி பேசுகிறார்கள், யார் வேகம் என்று போட்டி போடுகிறார்கள், காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். திரும்பத் திரும்ப வருவது ஒரே பேச்சுதான்: பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படிக்கு எவ்வளவு கூலி என்பது. சீசன் முடிகிறபோதுதான் கணக்குத் தீர்ப்பது வழக்கம். நாலைந்து பேர் சேர்ந்து முதலாளியைச் சுற்றி நிற்கிறார்கள். 'இந்த டிசைனுக்கு இவ்வளவு போதாது, பாக்கெட் ரெண்டு இருக்கிறது, ஜிப் இருக்கிறது.' முதலாளி மழுப்புகிறார், கோபப்படுகிறார், பக்கத்துப் பட்டறை ரேட்டைச் சொல்கிறார். இதே பேச்சைச் சனிக்கிழமை சாயங்காலம் நம் ஊரில் எந்தச் சந்துக்குள் போனாலும் கேட்கலாம். சினிமாவில் நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

என் கட்சி இதுதான்: வேலையைப் பற்றிய படம் என்றால் கூலிப் பேச்சு நடக்கிற வரைக்கும் கேமரா அங்கே இருக்க வேண்டும். 'மெஷின்ஸ்' அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. வாங் பிங் இருக்கிறார்.

'பெர்ஃபெக்ட் டேஸ்' பற்றி இரண்டு வரி. டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவுகிறவரின் கதை, விம் வெண்டர்ஸ் எடுத்தது. கோஜி யாகுஷோவுக்கு கேன்ஸில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, தகும். ஆனால் கையால் மலம் அள்ளுகிறவர்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்த கண்ணோடு போனால் இந்தக் கழிப்பறைகள் கழுவுவதற்கு முன்பே சுத்தமாக இருப்பதுபோல் தெரியும்.

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கோபி ரெண்டாம் ஆட்டம் (கோபிசெட்டிபாளையம்)

அண்ணா, காலையில எட்டரைக்கு மெஷின்ல உக்காந்து ராத்திரி எட்டரைக்கு எந்திரிக்கிறவன், வீட்டுக்கு வந்து காசு குடுத்து மூன்றரை மணி நேரம் தையல் மெஷினைப் பார்க்கணுமா? உங்களுக்கே நியாயமா இருக்குதுங்களா?

எங்க ஊர் வாய்க்கால், வயக்காட்டுல எடுக்காத படமில்லை. சின்ன வயசுல டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வாசல்ல பாய் போட்டு, விடிய விடிய மூணு கேசட் ஓடும். தெருவே உக்காந்திருக்கும். மூணாவது படம் பார்க்கிறப்ப முக்காவாசிப் பேரு தூங்கியிருப்பாங்க, ஆனா காசு குடுத்தாச்சுன்னு நிறுத்த மாட்டாங்க. இப்ப வாடகைக்கு எடுத்தா 30 நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா 48 மணி நேரத்துல முடிக்கணும். அதுவும் ஒரு ஷிப்ட் மாதரத்தான் இருக்குது.

பவர்டேபிள்காரன் (பெருமாநல்லூர்)

நொய்யல்கரை சார், நானும் 'யூத்' பார்த்தேன், முழுசா இல்லை. நீங்க டெய்லர் பக்கம் நின்னு பார்த்தீங்க, நான் எந்தப் பக்கம் நின்னு பார்த்திருப்பேன்னு பேரைப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் பட்டறை முதலாளிகளைப் பாருங்க. பாதிப் பேரு அவங்களே உக்காந்து வேலை பார்க்கிறாங்க. சம்சாரம் சோறு ஆக்குது, கணக்கும் பார்க்குது. ரேட்டு கேட்டு சுத்தி நிக்கிறப்ப அவன் மூஞ்சி போற போக்கு எனக்குத் தெரியும். ஏன்னா அவனுக்கு மேல ஒருத்தன் ஏற்கனவே ரேட்டை முடிச்சுட்டான். எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி பீஸுக்கு இவ்வளவுன்னு எழுதிக் குடுத்தாச்சு, அவங்களுக்கு வெளிநாட்டு பையர் எழுதிக் குடுத்தாச்சு. நடுவுல நான் எதை வெச்சுப் பேசறது? சங்கமும் முதலாளிகளும் கூலி ஒப்பந்தம் போட்டா அது பெரிய கம்பெனி வரைக்கும் போகும், என் சந்துக்கு வர்றதுக்குள்ள தேஞ்சு போயிரும்.

அந்தப் பையர் உக்காந்திருக்கிற ரூமுக்குள்ள கேமராவோட போனவன் யாராவது இருந்தா சொல்லுங்க. அந்தப் படத்தை வாடகைக்கு இல்ல, விலைக்கே வாங்கறேன்.

நொய்யல்கரை

ஓரளவுக்கு 'தி ட்ரூ காஸ்ட்' போயிருக்கிறது. 2015இல் வந்தது. 2013 ஏப்ரலில் டாக்கா பக்கம் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் செத்தார்களே, அதிலிருந்து கிளம்பி விலை எப்படிக் கீழே தள்ளப்படுகிறது என்று சொல்லும் படம். ஆனால் அது பேட்டிப் படம். நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள், நடுவில் விளம்பரத் துண்டுகளும் செய்தித் துண்டுகளும் வரும். ரேட் முடிக்கிற அறை அதிலும் இல்லை.

கலர்மாஸ்டர் (திருப்பூர் – பெருந்துறை)

நான் சாயத்துல இருக்கேன். அதனால 'மெஷின்ஸ்' பற்றி நொய்யல்கரை எழுதினதை அப்படியே விட முடியாது.

தையல் வேற, பிராசசிங் வேற. தையல் ஃப்ளோர்ல பேச்சு இருக்கும். பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க, கை வேலை பார்க்கும், வாய் சும்மா இருக்கும். அதனால அந்தச் சீனாக்காரர் படத்துல பேச்சு இருக்குது. சாயப்பட்டறைக்குள்ள வந்து பாருங்க. சாயம் ஏத்தற சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓடற சத்தம், ஸ்டீம் சத்தம், புளோயர் சத்தம். பத்தடி தள்ளி நிக்கிறவன்கிட்ட விரலைக் காட்டித்தான் பேசணும். வால்வைத் திற, மூடு, சாம்பிள் எடு, எல்லாத்துக்கும் ஒரு கை ஜாடை. மூக்குல ஹைட்ரோஸ் கெமிக்கல் நெடி ஏறியிருக்கும். நாள் பூரா இருபது வார்த்தை பேசியிருந்தா எச்சு. அப்ப அங்க போய் எடுத்த படத்துல பேச்சு எப்படி வரும்? கேமரா பேசாம மெஷினைச் சுத்தி வருதுன்னா அந்த ஃப்ளோர்ல ஆளுக அப்படித்தான் சுத்தி வர்றாங்க.

அப்புறம் அழகு. எங்க வேலையே கண்ணுல பார்க்கிற வேலைங்க. பையர் குடுத்த துண்டு ஒரு கையில, நம்ம பேட்ச்ல வெட்டின துண்டு ஒரு கையில. லைட் பாக்ஸ்ல ஒரு தடவை, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை. சிவப்புல ஒரு பொட்டு மஞ்சள் தூக்கலா இருந்தா மொத்த லாட்டும் திரும்பி வந்துரும். ராத்திரி மூணு மணிக்கு மெஷின் கதவைத் திறந்து முதல் சுத்துத் துணியை இழுக்கிறப்ப, ஷேடு உக்காந்திருந்தா அது அழகாத்தான் இருக்கும். அதைக் கேமராக்காரன் கொண்டுவந்து பூசலை. அங்கயே இருக்குது. அழுக்குத் தண்ணியில நின்னு, நல்ல கலரைக் கையில பிடிச்சிருக்கிறதுதான் எங்க வேலை. அந்தப் படம் ரெண்டையும் ஒண்ணாக் காட்டுது. அதனால எனக்கு அது பொய்யாத் தெரியலை.

ஒரு குறை உண்டு. தண்ணி. காட்டன்ல ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா உப்பு கொட்டணும், கொஞ்சநஞ்சமில்லை. அந்த உப்பு துணியில நிக்காது, கழுவற தண்ணியோட வெளியே போயிரும். நம்ம நொய்யல் ஆறு கெட்டது கலரால மட்டுமில்ல, அந்த உப்பாலயுந்தான். பாசனத்துக்குன்னு 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்கற குட்டையாகி, கீழ இருந்த கிணறும் வெள்ளாமைக் காடும் போச்சு. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு உத்தரவுல பட்டறைகளை மூடினாங்க. அப்புறம் வடிகட்டற ஆர்.ஓ., ஆவியாக்கற எவாப்பரேட்டர்னு போட்டு, தண்ணியைத் திருப்பி எடுத்து, உப்பையும் பிரிச்சு எடுத்து ஓட்டறோம். உள்ள என்ன நடக்குதுன்னு காட்ட ஒரு படம் போதும். வெளிய போற தண்ணியைப் பிடிச்சுக்கிட்டே போய் அணை வரைக்கும் பார்க்க வேற ஒரு படம் வேணும்.

தறிச்சத்தம் (சோமனூர்)

கலர்மாஸ்டர் அண்ணா சத்தத்தைப் பற்றிச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். வீட்டோடு சேர்ந்தே தறிக்கூடம். நாலு தறி ஓடினால் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கரண்ட் போனதும் அதே குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் குறைப்போம். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வந்தால் 'ஏன் சண்டையா' என்று கேட்பார்கள்.

'யூத்' படத்தை என் தங்கையோடு பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்தவள். நான் ரேட் பேச்சைக் கவனித்துக்கொண்டிருக்க, அவள் மாடிப்படியையே கவனித்திருக்கிறாள். பொண்ணுக பசங்க ரூமுக்குப் போகிறார்கள், பசங்க இங்கே வருகிறார்கள், ராத்திரி வெளியே போய் எதையோ வாங்கித் தின்றுகொண்டு வருகிறார்கள். 'இவங்களுக்கு வார்டன் இல்லையா?' என்று கேட்டாள். அவள் இருந்த இடத்தில் வேலை முடிந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் கடைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார்கள். போன் பேச முறை. அந்தப் படத்தில் அறை குப்பையாக இருக்கிறது, சுவர் உரிந்து கிடக்கிறது, தரையில் நூல் பொறுக்கித் தீராது. ஆனால் கேட் திறந்திருக்கிறது என்பதுதான் அவள் கண்ணில் பட்டது. அந்த அழுக்கு அறையை அவள் பொறாமையோடு பார்த்தாள். எந்த விமர்சகரும் இதை எழுதி நான் படித்ததில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு கட்டம் வரும். காதலிக்கிற ஜோடியில் பெண் கர்ப்பமாகிவிடுகிறாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதலாளியும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கலைப்பதா, கட்டிவைப்பதா, கட்டினால் எந்த வீட்டில் போய் இருப்பது. இவள் போய்விட்டால் கையில் இருக்கிற ஆர்டர் என்ன ஆவது என்பதும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வருகிறது. அந்தப் பெண்ணைத் தவிர எல்லாரும் பேசுகிறார்கள். நொய்யல்கரை அண்ணா கூலிப் பேச்சு பற்றி அவ்வளவு எழுதினீர்கள், இதை ஒரு வரி தொடவில்லை. இதுவும் பேரம்தானே?

கோபி ரெண்டாம் ஆட்டம்

அக்கா சொன்னதுக்கப்புறம் அந்த முதல் அரை மணி நேரமாவது பார்க்கணும்போல இருக்குது. மூன்றரைக்கு வாக்குக் குடுக்கலை.

நொய்யல்கரை

தறிச்சத்தம், அதுவும் பேரம்தான், அதில் கொடுமையானதும் அதுதான். முதலாளியை அந்தப் பேச்சில் உட்காரவைத்தது யார் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நம் ஊரிலும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் காண்ட்ராக்டர்தான் அப்பா ஸ்தானத்தில் போய் உட்காருவார். அந்த ஸ்தானத்துக்குக் கமிஷனும் உண்டு.

கலர்மாஸ்டருக்கு: ஃப்ளோருக்கு ஃப்ளோர் பேச்சு மாறும், சரி. உங்கள் ஷேடு விஷயமும் சரி. ஆனால் அந்த ஆலையிலும் டீ குடிக்கப் போகிறார்கள் அல்லவா? வாசலில் நிற்கிறார்கள் அல்லவா? சத்தமில்லாத அந்த இடத்துக்கு ஏன் அவ்வளவு நேரம் போகவில்லை? இன்னொரு விஷயம், ராகுல் ஜெயினின் தாத்தாவே சூரத்தில் ஆலை வைத்திருந்தவர். சின்ன வயதில் அதற்குள் ஓடி விளையாடியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதலாளி வீட்டுப் பிள்ளையாக உள்ளே போன கண்ணுக்கு மெஷின் முதலில் பொம்மையாகத்தான் தெரிந்திருக்கும்.

கலர்மாஸ்டர்

தெரியட்டுமே. அதனாலதான் முதலாளியும் அவர்கிட்ட மனசு விட்டுப் பேசியிருக்காரு. சிசிடிவி திரைக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, வயிறு காஞ்சிருந்தப்பதான் ஆளுக ஒழுங்கா வேலை செஞ்சாங்க, கொஞ்சம் காசு பார்த்ததும் கம்பெனி மேல அக்கறை போச்சுங்கற மாதரப் பேசுவாரே. வெளியாள் கேமராவுக்கு அப்படிப் பேசுவாரா?

கடைசியில ஆளுக கூட்டமா நின்னு அவர்கிட்டயே கேக்கறாங்க. வர்றீங்க, எங்க கஷ்டத்தைப் பார்க்கறீங்க, போயிருவீங்க, நாங்க என்ன பண்ணணும்னு சொல்லுங்கன்னு. அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லலை. ஆனா வெட்டியும் எறியலை, படத்துல வெச்சிருக்காரு. எனக்கு அது போதும். பதில் சொல்லியிருந்தாத்தான் சிரிப்பு வந்திருக்கும்.

தேன்பெட்டி (ஆனைமலை)

துணியை விட்டுக் கொஞ்சம் தோட்டத்துப் பக்கம் வாங்க. நான் பார்த்தது 'ஹனிலேண்ட்', 2019. வட மாசிடோனியாவில் ஆளே இல்லாத மலைக் கிராமத்தில் ஹதிட்சே என்கிற அம்மா, படுத்த படுக்கையாக இருக்கும் தாயோடு குடியிருக்கிறார். பாறை இடுக்கிலும் கல்சுவருக்குள்ளும் இருக்கிற தேனீக்களை வளர்க்கிறார். தேன் எடுக்கும்போது பாதி அவருக்கு, பாதி ஈக்களுக்கு. பக்கத்தில் ஒரு குடும்பம் ஏழு பிள்ளைகள், மாடு கன்றோடு வந்து இறங்குகிறது. அவரைப் பார்த்து அவர்களும் பெட்டி வைக்கிறார்கள். வியாபாரி வருகிறான், இத்தனை கிலோ வேண்டும் என்கிறான். இருப்பதை எல்லாம் வழித்துக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்த அம்மாவின் ஈக்கள் செத்துக் கிடக்கின்றன.

படம் பார்த்த சினேகிதர்கள் பலர் இது ஏதோ உருவகக் கதை, பேராசை பற்றிய நீதி என்கிறார்கள். தேனீ வைத்திருப்பவனுக்கு அது உருவகம் இல்லை. பூ இல்லாத காலத்தில் அடையை வழித்துவிட்டால் கூட்டத்துக்குத் தீனி இருக்காது. பட்டினி கிடக்கிற கூட்டம் பக்கத்தில் எந்தப் பெட்டி இளைத்திருக்கிறதோ, அல்லது எதில் தேன் நிறைய இருக்கிறதோ அதில் போய் விழும். வாசலில் காவல் ஈக்களோடு கட்டிப் புரண்டு சண்டை போடும். காலையில் பார்த்தால் பெட்டி அடியில் குவியலாகச் செத்துக் கிடக்கும். ஈ ஈயைக் கொள்ளையடிப்பது என்பது எங்களுக்கு மாசி, பங்குனியில் வரும் பயம் இல்லை. பூ ஓய்ந்து மழை பிடித்துக்கொள்கிற நாட்களில் வரும் பயம். அதற்காகத்தான் வாசலைச் சின்னதாக்கி வைப்போம், சாயங்காலம் இருட்டின பிறகே சர்க்கரைப் பாகு வைப்போம், ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை அந்த அம்மா வாயால் சொல்கிறார், அவர் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஆளை வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு பிள்ளைகள். மாடு வேறு சாகிறது. வியாபாரி விடாமல் நெருக்குகிறான். எங்கள் பக்கம் இளநீருக்கும் தேங்காய்க்கும் முன்பணம் வாங்கிவிட்டு, காய் திரளுவதற்கு முன்பே வெட்டிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் மரத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை.

மனசில் நின்றது வேறு ஒரு காட்சி. அந்த அம்மா தேன் விற்க ஸ்கோப்யே நகரத்துச் சந்தைக்குப் போகிறார். விற்ற காசில் வாழைப்பழம் வாங்குகிறார், தலைச்சாயமும் வாங்குகிறார். ஆளே இல்லாத ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து அதைப் பூசிக்கொள்கிறார்.

இதை எடுத்தவர்களும் வாங் பிங்கைப் போலத்தான், மூன்று வருடம் கிடந்து 400 மணி நேரம் எடுத்திருக்கிறார்கள். சிறந்த ஆவணப்படம், சிறந்த பன்னாட்டுப் படம் என்று இரண்டு ஆஸ்கர் பிரிவிலும் ஒரே வருடம் பரிந்துரை ஆனது.

தறிச்சத்தம்

தேன்பெட்டி அண்ணா, உங்கள் ஊர்ப் பக்கத்து யானைப் படம் பார்த்தீர்களா? 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்'?

தேன்பெட்டி

பார்த்தேன். அது எங்கள் பக்கம் இல்லை, முதுமலை தெப்பக்காடு. பொம்மன், பெள்ளி, ரகு, அம்மு. நாற்பது நிமிடச் சொச்சம். குட்டியைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. ஆனால் வெளிச்சம் எல்லாம் ரொம்ப இதமாக இருக்கிறது. எங்கள் பக்கம் டாப்சிலிப்புக்கு மேலே கோழிகமுத்தி முகாம் இருக்கிறது. அங்கே மலசர் பழங்குடிகள்தான் தலைமுறையாக மாவுத்து (பாகன்), காவடி (பாகனுக்கு உதவியாள்). விடியக்காலையில் காட்டுக்குள் போய், ராத்திரி மேய விட்ட யானையைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். சில நாள் அது எந்த மலையில் இருக்கும் என்றே தெரியாது. அப்புறம் குளிப்பாட்டு, அப்புறம் ராகிக் களி, கொள்ளு, வெல்லம் உருட்டி வாயில் வைப்பது. அந்தத் தேடும் வேலை எந்தப் படத்திலும் இல்லை, கேமராவோடு போவதும் கஷ்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். 2023இல் ஆஸ்கர் வந்த பிறகு முதலமைச்சர் தெப்பக்காடு, கோழிகமுத்தி இரண்டு முகாமிலும் வேலை பார்க்கிற 91 பேருக்கும் தலா ஒரு லட்சம் அறிவித்தார். பெள்ளியம்மாவுக்குக் காவடி வேலை போட்டார்கள், தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். படத்தில் முகமே வராத கோழிகமுத்திக்காரர்களுக்கும் காசு வந்தது. படம் எனக்குச் சுமார்தான், ஆனால் கலர்மாஸ்டர் சொன்ன 'நாங்க என்ன பண்ணணும்' கேள்விக்கு இதுவும் ஒரு பதிலாக வந்திருக்கிறது.

மோகனூர் ஆத்தோரம் (நாமக்கல்)

எல்லாரும் சூரத், சீனா, மாசிடோனியான்னு போயிட்டீங்க. நான் 'சேத்துமான்' பார்த்தனுங்க. பெருமாள்முருகனோட 'வறுகறி' கதையை வெச்சு தமிழ்ங்கற இயக்குநர் எடுத்தது, பா.ரஞ்சித் தயாரிப்பு, 2022ல ஓடிடில வந்துச்சு. வசனமும் பெருமாள்முருகனே.

நம்ம பேச்சு சினிமாவுல வந்தா ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா 'ஏனுங்க'ன்னு இழுத்து, சிரிக்க வெச்சுட்டு விட்டுருவாங்க. மரியாதையான ஊருன்னு பேரு வாங்கிக்கறதோட சரி. இந்தப் படத்துல அதே 'ங்க' வர்ற இடத்தைக் கேளுங்க. யாரு யாருக்குப் போடறாங்க, யாருக்கு அந்த 'ங்க' திரும்பி வர்றதில்லைன்னு. பூச்சியப்பன் கூடை முடையற தாத்தா, பேரனைப் படிக்க வெக்கிறதுதான் அவருக்கு உசுரு. பண்ணையக்காரர் வெள்ளையனுக்குப் பன்னிக்கறி மேல ஆசை. ஆசை உண்டு, ஆனா அது வெளிய தெரியக்கூடாது. சம்சாரம் வீட்டுப் பாத்திரத்துல சேர்க்க மாட்டேங்குது, திட்டற திட்டு இருக்குதே, எங்க ஊர்ல இருந்து நேரா ரெக்கார்டு பண்ணிட்டுப் போன மாதர. கறிக்குக் கூட்டுச் சேர்ற ஆளுகளைப் பிடிக்கிறது, பன்னி பார்க்கப் போறது, விலை பேசறது, எல்லாம் நிதானமா நடக்குது. முக்காவாசிப் படம் சிரிச்சுக்கிட்டே பார்க்கலாம். கடைசி கால் மணி நேரத்தைச் சொல்ல மாட்டேன்.

நொய்யல்கரை அண்ணன் கூலிப் பேச்சு வரணும்னாரு. இந்தப் படத்துல கூலிங்கற வார்த்தையே எச்சா வராது. தாத்தா காலையில இருந்து பொழுதோட வரைக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிக்கிட்டே இருப்பாரு. எது கூலிக்கு, எது சும்மா செய்யறதுன்னு பிரிச்சே பார்க்க முடியாது. பேரம் பேசறதுக்கு ஒரு ரேட்டாவது இருக்கணுமில்லைங்களா? அது கூட இல்லாத வேலையை இந்தப் படம் காட்டுது. எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு. படம் பிடிக்கலைன்னு சொல்லலை.

நொய்யல்கரை

மோகனூர், இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கு ராத்திரி எடுக்கிறேன்.

கோவை டெண்ட் கொட்டாய் (கோயம்புத்தூர்)

ஒரே ஒரு விஷயம். இதையெல்லாம் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்த்தால் இந்த மாதிரிப் பேச்சு வராது. தறிச்சத்தம் தங்கையோடு பார்த்ததால்தான் கேட் விஷயம் வந்தது. நம்ம சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராக டெண்ட் அடித்துப் படம் காட்டினார், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டினார். அந்த ஊரில் இருந்துகொண்டு தனித்தனியாகப் பார்க்கிறோம். வாடகைப் படத்தைப் பொதுவில் போட அனுமதி கிடையாது, தெரியும். வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வதை யாரும் கேட்கப் போவதில்லை. தையல்காரர்களோடு 'யூத்' பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா?

பவர்டேபிள்காரன்

இருக்கேன். அனுமதி கினுமதின்னு கேக்காதீங்க, டீ டைம்ல என் போனை டேபிள் மேல சாத்தி வெச்சேன், நாலு பேரு எட்டிப் பார்த்தாங்க, அவ்வளவுதான்.

முதல்ல சிரிச்சாங்க. 'இவனுகளும் பாட்டு போட்டுத்தான் தைக்கிறானுக' அப்படின்னு. அப்புறம் ஓவர்லாக் அக்கா ஒண்ணு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கிட்ட வந்துச்சு. அந்தப் பையன் பீஸ் பிரிக்கிற கையைப் பார்த்துட்டு, 'கைமடிக்கு, கூட நின்னு உதவி பண்ண, ஆள் இல்லாம இவனே எடுத்து இவனே தைச்சு இவனே அடுக்கறான், இதுல எங்க டஜன் எண்றது' அப்படின்னு சொல்லுச்சு. பேட்லாக் மெஷின் ஓட்டற தம்பி ஒடிசாக்காரன், அவனுக்கு சப்டைட்டிலும் புரியாது, சீனாவும் புரியாது. ஆனா அந்த மாடி ரூம்ல துணி காயப்போட்டிருக்கிற கயிறைக் காட்டி, நம்ம ரூமுங்கறான். கட்டிங் மாஸ்டர் மட்டும் துணியில வேஸ்டேஜ் எச்சுன்னு முகம் சுளிச்சாரு.

டீ டைம் பதினஞ்சு நிமிசம், படம் முப்பது நிமிசம் ஓடிருச்சு. சரியா அந்த நேரம் பார்த்து முதலாளியைச் சுத்தி நின்னு ரேட்டு கேக்கற இடம் வந்துச்சு. எல்லாரும் அமைதியாயிட்டாங்க. ஓவர்லாக் அக்கா திரும்பி என்னைப் பார்த்துட்டு, 'அவனுக கேக்கறது நம்ம ரூபாய்ல எவ்வளவு வருங்க?' அப்படின்னுச்சு.

கரெக்டா எனக்கு கம்பெனியில இருந்து போன் வந்த மாதர எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன்.

கலர்மாஸ்டர்

போன் வந்துச்சுங்களா, வரலைங்களா?

பவர்டேபிள்காரன்

சனிக்கிழமை சொல்றேன்.